மறதியை முன்கூட்டியே பிடிக்க: கேள்வித்தாளா, கையா, ரத்தமா?

“அம்மா இன்னமும் நூல் பிசகாமல் பூக் கட்டுகிறார். அப்புறம் எப்படி மறதி நோய் இருக்கும்?” நினைவாற்றல் பரிசோதனைக்கு வரும் குடும்பங்களில் யாராவது ஒருவர் இப்படிக் கேட்பார். கேள்வியில் நியாயம் இருக்கிறது, பதில்தான் வேறு பக்கம் இருக்கிறது. ஐம்பது வருடமாகக் கட்டிய பூ கையிலேயே குடியிருக்கும். மறதி நோயின் முக்கிய வகையான ஆல்சைமரில், பழகிய கைவேலையைத் தாங்கும் மூளைப் பகுதிக்குச் சேதம் போய்ச் சேர நெடுங்காலம் ஆகும். கோலமும் அப்படித்தான், முறுக்குச் சுற்றுவதும் அப்படித்தான். பழகிய கைவேலை ஒழுங்காக நடக்கிறது என்பதை வைத்து மூளை நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது.

பார்க்க வேண்டியது புதுக் கைவேலையை. இதுவரை செய்தே இராத ஓர் அசைவைக் காட்டிக்கொடுத்தால், முதல் தடவைக்கும் ஐந்தாவது தடவைக்கும் இடையில் அவர் எவ்வளவு தேறுகிறார்? இந்தத் தேர்ச்சியை அளந்து மறதி நோயின் தொடக்கத்தைப் பிடிக்க முடியுமா என்று சில ஆய்வுக் குழுக்கள் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகின்றன. இது ஏற்கெனவே இருக்கும் வழிகளோடு ஒப்பிட்டால் எங்கே நிற்கிறது, வீட்டில் ஒரு பெரியவரைப் பற்றிக் கவலைப்படுகிறவரும், ஊரில் முதியோர் முகாம் நடத்துகிறவரும் எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதுதான் இங்கே விஷயம்.

முதலில் நம் நாட்டு நிலவரம். இந்திய முதியோரிடம் நடத்தி 2023-இல் வெளியான லாசி-டாட் ஆய்வின்படி, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் இருக்கிறது. பெண்களில் 9 சதவீதம், ஆண்களில் 5.8. கிராமத்தில் 8.4, நகரத்தில் 5.3. ஆக, அதிகம் பாதிக்கப்படுகிறவர்கள் கிராமத்துப் பாட்டிகள். பள்ளிக்கூடப் படிப்பு மிகக் குறைவாகக் கிடைத்த தலைமுறையும் அவர்கள்தான். எந்தச் சோதனையை எடுத்தாலும் முதலில் அது அவர்களுக்குப் பொருந்துமா என்று கேட்க வேண்டும்.

கேள்வித்தாள்கள்

உலகம் முழுக்க அதிகம் புழங்குபவை இரண்டு. 1975-இல் ஃபோல்ஸ்டீன் தம்பதியும் மெக்ஹ்யூவும் உருவாக்கிய எம்எம்எஸ்இ ஒன்று. 2005-இல் மான்ட்ரியலில் சியாத் நஸ்ரதீன் உருவாக்கிய மோகா இன்னொன்று. இரண்டுக்கும் தலா 30 மதிப்பெண். எம்எம்எஸ்இ முற்றிய நோயை நன்றாகக் காட்டும், தொடக்க நிலையை நழுவவிடும். அந்த ஓட்டையை அடைக்கத்தான் மோகா வந்தது. 26-க்குக் கீழே போனால் மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்பது அதன் மூல எல்லை. மோகாவுக்குத் தமிழ் வடிவமும் உண்டு. பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். நினைவு, கவனம், மொழி, இடவுணர்வு, திட்டமிடல் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுப் பார்க்கும். இத்தனை குறைந்த நேரத்தில் இவ்வளவு சொல்லும் சோதனைகள் அதிகம் இல்லை.

ஆனால் நேரில் பார்த்தால் சிக்கல் புரியும். எழுபது வயதுப் பாட்டி ஒருவரிடம் தாளையும் பென்சிலையும் கொடுத்து, ஒரு கனசதுரத்தைக் காட்டி, “இதைப் பார்த்து வரையுங்கள்” என்கிறோம். அவர் பென்சிலைப் பிடித்தே பல வருடம் ஆகியிருக்கும், பிடிக்காமலே இருந்திருக்கவும் கூடும். விரல்கள் பென்சிலின் நுனிக்கு மிக அருகில் இறுகுகின்றன. முதல் கோடு போட்டதும் நிமிர்ந்து மகள் முகத்தைப் பார்க்கிறார். தட்டையான சதுரம் ஒன்று வருகிறது, பின்பக்கக் கோடுகள் வரவில்லை. மதிப்பெண் போகிறது. போனது நோயினாலா, பள்ளிக்கூடம் போகாததாலா என்று தாள் சொல்லாது. பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் படிக்காதவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூட்டிப் போடச் சொல்கிறது மோகா. ஒன்றாம் வகுப்புக்கூடப் போகாதவருக்கும் பத்தாவது முடித்தவருக்கும் அதே ஒற்றை மதிப்பெண்தான் சலுகை.

இதற்கு மாற்றுகள் இல்லாமல் இல்லை. படிப்பு குறைந்தவர்களுக்கென்றே ‘மோகா பேசிக்’ என்று ஒரு வடிவம் தாய்லாந்தில் சோதிக்கப்பட்டு 2015-இல் வெளியானது. அதில் கனசதுரம் கிடையாது. 13 ரூபாய்ப் பொருளுக்கு ஒரு ரூபாய், ஐந்து ரூபாய், பத்து ரூபாயை வைத்து மூன்று விதமாகப் பணம் கொடுத்துக் காட்டுங்கள் என்கிற மாதிரியான கணக்கு உண்டு. சந்தைக்குப் போய்வந்த எந்தப் பாட்டியும் இதைக் கண்டு மிரள மாட்டார். இந்தியாவுக்குள்ளேயே, ஹரியானாவின் பல்லப்கட் கிராமங்களில் எழுதப்படிக்கத் தெரியாத முதியவர்களை மனதில் வைத்து எம்எம்எஸ்இ-யைத் திருத்திய இந்தி வடிவம் 1995-இல் வந்தது. சென்னையிலும் வேலூரிலும் களப்பணி செய்த 10/66 ஆய்வுக் குழு, முதியவரிடம் கேட்பதோடு நிற்காமல், கூட இருப்பவரிடமும் தனியாக விசாரிக்கும் முறையைக் கையாண்டது.

அந்தக் கடைசி விஷயத்துக்கு ஒரு நிமிடம் தரலாம். வீட்டில் இருப்பவரிடம் கேட்பதற்கே ‘ஏடி8’ என்று எட்டுக் கேள்விப் பட்டியல் ஒன்று இருக்கிறது. செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2005-இல் உருவானது. ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாரா, பணக் கணக்கில் தடுமாறுகிறாரா, புதிய கருவியைக் கற்பதில் சிரமப்படுகிறாரா என்று, முன்பு இருந்ததற்கும் இப்போதைக்கும் உள்ள மாற்றத்தைக் கேட்கிறது. இரண்டு ‘ஆம்’ வந்தாலே மேற்கொண்டு பார்க்கச் சொல்கிறது. காசு செலவில்லை, படிப்பு தடையில்லை. மருமகள் சொல்வதும் மகன் சொல்வதும் ஒன்றாக இருக்காது என்பது வேறு கதை.

கை என்ன சொல்லும்?

கையசைவுக் கற்றலை நம்பலாமா என்ற கேள்விக்கு முன்னால் ஒரு முரணைத் தீர்க்க வேண்டும். 1953-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஹென்றி மொலைசன் என்ற 27 வயது இளைஞருக்கு வலிப்பு நோய்க்காக மூளை அறுவை சிகிச்சை நடந்தது. புது நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் பெரும்பாகம் இரண்டு பக்கமும் எடுக்கப்பட்டது. அதன்பின் அவரால் புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியவில்லை. மான்ட்ரியலைச் சேர்ந்த நரம்பு உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார். (மான்ட்ரியலுக்கும் மறதிக்கும் ஏதோ ராசி போலிருக்கிறது.) இரட்டைக் கோட்டில் வரைந்த ஒரு நட்சத்திரம், கையை நேராகப் பார்க்க முடியாது, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துக் கோடுகளுக்கு நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும். முதல் நாள் தாறுமாறாகத் தவறினார். மூன்றாம் நாள் கிட்டத்தட்ட பிழையே இல்லை. ஆனால் ஒவ்வொரு நாளும், இந்த வேலையை முன்பு செய்ததாக அவருக்கு ஞாபகமே இல்லை.

ஆக, நினைவு போனாலும் கை கற்கும். 1987-இல் நாப்மனும் நிஸனும் ஆல்சைமர் நோயாளிகளிடம் இன்னொரு விதமாகப் பார்த்தார்கள். திரையில் விளக்கு எந்த இடத்தில் எரிகிறதோ அந்தப் பொத்தானை அழுத்த வேண்டும். எரியும் வரிசை ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும், அதைச் சொல்ல மாட்டார்கள். நோயாளிகளில் பலர் தம்மை அறியாமலே வேகம் கூட்டினார்கள். அப்படியானால் கைக் கற்றலை வைத்து மறதி நோயைப் பிடிப்பது எப்படி?

கைவேலைகள் எல்லாம் ஒரே ரகம் இல்லை என்பதுதான் பதில். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்து மெல்ல வேகம் ஏறுவது ஒரு ரகம். அதை அடிமூளை முடிச்சுகளும் சிறுமூளையும் பார்த்துக்கொள்ளும். எது எங்கே இருக்கிறது, அடுத்து எங்கே போக வேண்டும், போன தடவை எங்கே இடறினோம் என்று மனதில் வைத்துக்கொண்டு, முதல் சில முயற்சிகளிலேயே வழியைத் திருத்திக்கொள்வது இன்னொரு ரகம். அதற்கு இடவுணர்வு நினைவும் திட்டமிடலும் வேண்டும். ஆல்சைமர் ஆரம்பத்தில் தின்னத் தொடங்குவது இந்த இரண்டாவது ரகத்தை. எனவே ‘கைச் சோதனை’ என்று பொதுவாகச் சொன்னால் போதாது. எந்தக் கைச் சோதனை என்று கேட்க வேண்டும்.

பழையதிலிருந்து தொடங்கலாம். ரஷ்ய நரம்பு உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியா பெயரில் வழங்கும் மூன்று படி அசைவு எல்லா நரம்பியல் மருத்துவர்களுக்கும் தெரியும். முட்டி, கைவிளிம்பு, உள்ளங்கை என்று மேசைமேல் வரிசையாக வைக்க வேண்டும். மருத்துவர் இடது கையால் மூன்று தடவை செய்து காட்டுவார், எதிரே இருப்பவர் வலது கையால் செய்ய வேண்டும். முதலில் சேர்ந்து, பிறகு தனியாக. 2000-இல் பிரான்ஸில் துபுவா குழுவினர் தொகுத்த முன்மூளைச் சோதனைத் தொகுப்பில் இதற்கு இப்படி மதிப்பெண்: தனியாகத் தொடர்ந்து ஆறு தடவை சரியாகச் செய்தால் 3, மூன்று தடவையாவது தனியாகச் செய்தால் 2, சேர்ந்து செய்தால் மட்டும் மூன்று வந்தால் 1, அதுவும் வராவிட்டால் 0. ஒரு நிமிட வேலை, மேசை ஒன்றைத் தவிர எதுவும் வேண்டாம். பார்ப்பதற்கும் சுவாரசியமானது. முட்டி வைப்பார், விளிம்பு வைப்பார், அடுத்து உள்ளங்கைக்குப் பதில் மறுபடி முட்டிக்கே கை திரும்பும். தவறிவிட்டது என்று சிலருக்குத் தெரியும், சிரித்துத் தலையில் தட்டிக்கொள்வார்கள். சிலருக்குத் தெரியவே தெரியாது. அந்த வேறுபாடு மதிப்பெண்ணில் வராது, ஆனால் குறித்துவைக்க வேண்டிய விஷயம். லூரியாவின் அசைவு முக்கியமாகச் சொல்வது முன்மூளையைப் பற்றி. நினைவிழப்பில் தொடங்கும் ஆல்சைமரை ஆரம்பத்திலேயே பிடிக்க இது மட்டும் போதாது.

ஜப்பானில் யாமகுச்சி குழுவினர் 2010-இல் வெளியிட்ட நரி-புறா சோதனை இன்னும் எளிது. ஒரு கையால் நரி முகம் காட்டுகிறார்கள்: நடுவிரலும் மோதிர விரலும் கட்டைவிரலைத் தொட, ஆள்காட்டி விரலும் சுண்டுவிரலும் காது போல நிற்கும். பரதம் பார்த்தவர்களுக்கு இது சிம்மமுக முத்திரை என்று உடனே தெரியும். அடுத்து இரண்டு கைகளையும் குறுக்கே கோத்து, கட்டைவிரல்கள் பின்னிக்கொள்ள, சிறகு விரித்த புறா. “என் கையை நன்றாகப் பாருங்கள், அதே போலச் செய்யுங்கள்” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. நரி என்றோ புறா என்றோ சொல்லக்கூடாது. லேசான டிமென்ஷியா உள்ளவர்களில் பெரும்பாலோர் நரியைச் செய்துவிடுவார்கள். புறாவில் மாட்டிக்கொள்வார்கள், உள்ளங்கை தன் பக்கம் பார்க்க வேண்டிய இடத்தில் எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். எதிரே இருப்பவரின் கையைத் தன் உடம்புக்கு மாற்றிப் பார்க்கும் திறன்தான் இங்கே சோதனைக்கு உள்ளாகிறது. ஆனால் இது பார்த்துச் செய்வதுதான், கற்றல் இல்லை. கல்யாணத்தில் பிள்ளைகளுக்கு நிழல் காட்டி விளையாடிய தாத்தாவுக்குப் புறா பழைய பழக்கமாகவும் இருக்கலாம்.

கற்றலை நேராக அளப்பது அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சிட்னி ஷேஃபர் பயன்படுத்தும் கரண்டிச் சோதனை. நடுவில் ஒரு கிண்ணம் நிறைய ராஜ்மா. அதைச் சுற்றி அரைவட்டமாக, ஏறக்குறைய 16 சென்டிமீட்டர் தள்ளி மூன்று கிண்ணங்கள். பழக்கமில்லாத கையில், பெரும்பாலோருக்கு இடது கையில், ஒரு பிளாஸ்டிக் கரண்டி. ஒரு தடவைக்கு இரண்டே விதை அள்ள வேண்டும், மூன்று கிண்ணங்களுக்கும் முறைவைத்துக் கொண்டுபோய்ப் போட வேண்டும், மொத்தம் பதினைந்து நடை. நிறுத்துகடிகாரத்தில் நேரம் எடுத்து, அதையே திரும்பச் செய்யச் சொல்வார்கள். முதல் சுற்றில் கரண்டியில் மூன்று விதை ஏறும், ஒன்றைத் தட்டிவிட வேண்டும், அதற்குள் அடுத்த கிண்ணம் எது என்று மறக்கும். இரண்டு மூன்று சுற்றுக்குள் கரண்டியை எந்தச் சாய்வில் விட்டால் இரண்டு மட்டும் ஏறும் என்று கைக்குப் பிடிபடும், நேரம் சரசரவென்று குறையும். எந்த அளவு குறைகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இடவுணர்வு நினைவு குன்றியவர்களிடம் இந்தக் குறைவு சிறியதாக இருந்தது. லேசான அறிவாற்றல் குறைபாடு உள்ளவர்களைப் பற்றி 2020-இல் இந்தக் குழு வெளியிட்ட சிறிய ஆய்வில், இந்தச் சில நிமிட வேலையில் தெரிந்த மாற்றத்துக்கும், ஓராண்டு கழித்து அன்றாட வேலைகளில் அவர்கள் பின்தங்கியதற்கும் தொடர்பு தென்பட்டது.

எனக்கு இதில் பிடித்தது ஒன்றுதான். இங்கே ஒருவரை ஒப்பிடுவது அவரோடேயே. ‘பாட்டி எவ்வளவு வேகம்’ என்பது கேள்வியே இல்லை, ‘பாட்டி முதல் சுற்றை விட எவ்வளவு தேறினார்’ என்பதுதான் கேள்வி. படித்தவருக்கும் படிக்காதவருக்கும் இடையிலான பள்ளம் இந்த ஒரு மாற்றத்தில் பாதி தூர்ந்துவிடுகிறது. கேள்வித்தாள் உலகத்திலும் நரம்பு உளவியலாளர் கெவின் டஃப் போன்றவர்கள் இதே திசையில் வேலை செய்திருக்கிறார்கள். ஒரே சோதனையை ஒரு வாரம் கழித்துத் திரும்பக் கொடுத்தால், நலமாக இருப்பவரின் மதிப்பெண் சற்று ஏறும். ஏறாமல் நின்றால் அதுவே ஓர் அடையாளம்.

விரலைத் தட்டும் வேகத்தை அளக்கும் சோதனைகளும் உண்டு. தாஸ்மேனியா பல்கலைக்கழகத்தில் ஜேன் ஆல்டி குழு, வீட்டுக் கணினியின் விசைப்பலகையையும் கேமராவையும் வைத்தே இதைச் செய்யப் பார்க்கிறது. 1948-இல் தொழிற்சாலைக்கு ஆள் எடுக்க உருவாக்கிய, துளைகளில் சிறு ஊசிகளைச் செருகும் பர்டூ துளைப்பலகையையும் இன்று முதியோர் ஆய்வில் எடுக்கிறார்கள். இவை முக்கியமாக வேகத்தையும் சீரையும் அளக்கின்றன. மறதியோடு தொடர்பு இருந்தாலும், பார்க்கின்சன் நோய்க்கும் வெறும் முதுமைக்கும் இதே வேகக் குறைவு வரும். எனவே நம் தேவைக்கு இவற்றை இரண்டாம் வரிசையில்தான் வைப்பேன்.

கையின் குறைகள்

சரி, கை என்றாலே நியாயம் என்று ஆகிவிடாது. மூட்டுவாதம், நீண்டநாள் சர்க்கரையால் விரல் விறைப்பும் மரத்துப்போதலும், கை நடுக்கம், பழைய பக்கவாதம், கண்புரை எல்லாமே கைச் சோதனையைக் கெடுக்கும். நம் ஊரில் அறுபதைத் தாண்டியவர்களில் இவற்றில் ஒன்றும் இல்லாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தேர்ச்சியை மட்டும் பார்த்தால் இந்தப் பாதிப்பு கொஞ்சம் குறையும், ஏனென்றால் வலிக்கிற விரல் முதல் சுற்றிலும் வலிக்கும், கடைசிச் சுற்றிலும் வலிக்கும். ஆனால் வலி கூடிக்கொண்டே போனால் தேர்ச்சியும் தெரியாது.

இன்னொன்று, கரண்டி. கையால் சாப்பிட்டே பழகிய பாட்டியிடம் இடது கையில் கரண்டியைக் கொடுத்துத் தானியத்தை அள்ளச் சொன்னால், முதலில் ஒரு தயக்கம் வரும். தின்கிற பொருளை இடது கையால் தொடுவதா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அந்தத் தயக்கத்தில் போன வினாடிகளை மூளைக் கணக்கில் எழுதக்கூடாது. ராஜ்மாவுக்குப் பதில் கூழாங்கல்லோ மணியோ வைத்தால் இந்தத் தயக்கம் போய்விடும், ஆனால் அப்படி மாற்றியதும் அரிசோனாவில் கிடைத்த வினாடிக் கணக்கு நமக்குப் பொருந்தாது. நம் ஊருக்கு நாமே அளந்து வைக்க வேண்டும்.

ரத்தமும் ஸ்கேனும்

இங்கே சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனென்றால் இவை விடை சொல்லும் கேள்வியே வேறு. 2025 மே மாதம் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, ஆல்சைமருக்கான முதல் ரத்தப் பரிசோதனைக்கு அனுமதி தந்தது. பி-டௌ217 என்ற புரதத்துக்கும் அமைலாய்டு என்ற இன்னொரு புரதத்துக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்கும் ஃபியூஜிரெபியோ நிறுவனச் சோதனை அது. 55 வயதை எட்டி, ஏற்கெனவே அறிகுறி உள்ளவர்களுக்கு மட்டும். ஊரில் உள்ள எல்லாருக்கும் எடுத்துப் பார்க்க அல்ல. மூளையில் ஆல்சைமர் படிவம் இருக்கிறதா என்று இது சொல்லும். அந்த மனிதர் இன்று பென்ஷன் பணத்தைத் தனியாகப் போய் எடுத்துவர முடிகிறவரா என்று சொல்லாது. அமைலாய்டு பெட் ஸ்கேனும் அப்படியே, பெரிய நகரங்களில் சில இடங்களில்தான் கிடைக்கும், செலவும் கடுமை. சாதாரண எம்.ஆர்.ஐ. சில ஆயிரம் ரூபாயில் முடியும். அதன் முக்கியப் பயன் வேறு: மண்டையில் ரத்தக் கட்டு, நீர்க்கோவை, கட்டி, பழைய பக்கவாதம் போன்றவை மறதிக்குக் காரணமா என்று பார்க்கலாம்.

இதைவிட மலிவான இரத்தப் பரிசோதனைகளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வைட்டமின் பி12, தைராய்டு இரண்டும். இவை குறைந்து மறதி போலத் தோன்றி, சரிசெய்ததும் தேறியவர்கள் உண்டு. மனச்சோர்வும், தூக்க மாத்திரையும், சில சளி-அலர்ஜி மாத்திரைகளும்கூட மறதி வேஷம் போடும்.

கைக்குப் போட்டியாகக் கால் ஒன்று இருக்கிறது. நியூயார்க் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியில் ஜோ வர்கீஸ் 2013-இல் முன்வைத்த முறை: நடை வேகம் வயதுக்கும் பாலுக்கும் உரிய சராசரியைவிடத் தெளிவாகக் குறைந்திருக்க வேண்டும், அதோடு மறதி பற்றிய குறையும் அவரே சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்தால் டிமென்ஷியா ஆபத்து கூடுதல். கோழிக்கோட்டிலும் இதே குழு ஆய்வு நடத்தியது. நான்கு மீட்டர் தரையும் ஒரு கடிகாரமும் போதும். ஆனால் முழங்கால் தேய்ந்தவர்கள் நிறைந்த முகாமில் நடை வேகம் முழங்காலைத்தான் அளக்கும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

எந்தச் சோதனையைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு கணக்கைத் தெரிந்துகொண்டு தேர்ந்தெடுக்க வேண்டும். 60-ஐத் தாண்டிய 1000 பேருக்கு முகாம் நடத்துகிறோம் என்று வையுங்கள். 7.4 சதவீதக் கணக்கில் 74 பேருக்கு நோய் இருக்கும். நம் சோதனை நோய் உள்ளவர்களில் 80 சதவீதத்தைப் பிடிக்கும், நோய் இல்லாதவர்களில் 80 சதவீதத்தைச் சரியாக விட்டுவிடும் என்றும் வைப்போம். மோசமான சோதனை இல்லை இது. 59 பேரைப் பிடிக்கும், 15 பேரை விட்டுவிடும். நலமாக உள்ள 926 பேரில் 185 பேரை வீணாகச் சந்தேகிக்கும். ஆக, 244 பேரிடம் ‘உங்களுக்கு ஏதோ இருக்கிறது’ என்று சொல்லி அனுப்புகிறோம். நான்கில் ஒருவருக்குத்தான் உண்மையில் இருக்கிறது.

அதே சோதனையை, வீட்டில் ஏற்கெனவே மாற்றத்தைக் கவனித்த குடும்பங்களில் மட்டும் செய்தால்? அப்படி வருகிறவர்களில் 30 சதவீதம் பேருக்கு நோய் என்று வைத்தால், 1000 பேரில் 240 பேரைச் சரியாகவும் 140 பேரை வீணாகவும் பிடிக்கும். இப்போது மூன்றில் இரண்டு பேருக்குக் கொஞ்சம் குறைவு. சோதனை மாறவில்லை, யாருக்குச் செய்கிறோம் என்பதுதான் மாறியது. அறிகுறியே இல்லாத முதியோர் எல்லாரையும் சோதிப்பதால் நன்மையா தீமையா என்று முடிவு சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்று 2020-இல் அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு சொன்னதும் இந்த மாதிரிக் கணக்குகளை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

எனவே, எதை எடுப்பது?

வீட்டில் ஒருவருக்காகத் தேடுகிறீர்கள் என்றால், கைச் சோதனையில் தொடங்க வேண்டாம். ஏடி8 போன்ற கேள்விகளை நீங்களே பதில் எழுதிப் பாருங்கள், மாற்றம் எப்போது தொடங்கியது என்று தேதியோடு குறியுங்கள். அப்புறம் ஒரு மருத்துவரிடம் தமிழ் மோகா. படிப்பு குறைவு என்றால் மோகா பேசிக்கோ, அதற்கு இணையானதோ வேண்டும் என்று நீங்களே கேட்கலாம். கூடவே பி12, தைராய்டு, காது கேட்கிறதா என்ற பரிசோதனை. காதைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு: மோகாவில் நினைவு வைக்கச் சொல்லும் ஐந்து சொல்லைக் கேட்காத காதில் சொன்னால் யாராலும் நினைவில் வைக்க முடியாது. தவிர, லான்செட் மருத்துவ இதழின் குழு 2024-இல் பட்டியலிட்ட, மாற்றக்கூடிய பதினான்கு ஆபத்துக் காரணிகளில் கேள்திறன் இழப்பும் ஒன்று. பி-டௌ217-க்குப் பணம் கட்டுவது இதெல்லாம் முடிந்தபின், நரம்பியல் மருத்துவர் சொன்னால்.

வீட்டிலேயே கரண்டிச் சோதனை செய்து பார்ப்பதை நான் ஊக்குவிக்க மாட்டேன். கூட்டுக் குடும்பத்தில் பத்துப் பேர் சுற்றி நின்று, பேரன் ஃபோனில் நேரம் எடுத்து, “பாட்டி சீக்கிரம், சீக்கிரம்” என்று கத்தினால் அது மூளைச் சோதனை இல்லை. தேறவில்லை என்று தெரிந்த பாட்டிக்கு அன்று ராத்திரி தூக்கம் போவதுதான் மிச்சம்.

முகாம் நடத்துகிறவர்களுக்கும், வீடு தேடிப் போகும் சுகாதாரப் பணியாளர்களுக்கும் என் பரிந்துரை வேறு. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் ரத்த அழுத்தம், சர்க்கரை பார்க்க வீட்டுக்கே போகிறார்கள். மோகாவை இவர்கள் கையில் கொடுப்பது லேசில்லை, பயிற்சியும் சான்றிதழும் வேண்டும், நேரமும் அதிகம். வாசலில் உட்கார்ந்து கையசைவு ஒன்றைச் செய்துகாட்டுவது எளிது. கைச் சோதனைக்கு உண்மையான இடம் இங்கேதான் இருக்கிறது. முதலில் வீட்டுக்காரரிடம் இரண்டு மூன்று கேள்வி. மாற்றம் உண்டு என்றால் மட்டும் கைக் கற்றல் சோதனை. அதிலும் தேறவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சீட்டு. முதல் சல்லடையில் தங்கிவிட்ட வீண் சந்தேகங்களில் பல இரண்டாவதில் உதிர்ந்துவிடும். ஆனால் முதலில் ஐம்பது அறுபது வயதில் நலமாக இருக்கும் நம் ஊர் ஆண், பெண்களிடம் அதே கிண்ணம், அதே விதை, அதே கையை வைத்து அளந்து, எவ்வளவு தேறுவது வழக்கம் என்று ஓர் அட்டவணை செய்ய வேண்டும். ஒரு மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறை மனம் வைத்தால் முடிகிற வேலைதான் இது.

செய்யும்போது சீட்டில் சிலவற்றைத் தவறாமல் எழுதுங்கள். எந்தக் கை, வலது கைப் பழக்கமா இடது கைப் பழக்கமா, விரலில் வலி உண்டா, சர்க்கரை எத்தனை வருடம், கண்ணாடி போட்டிருந்தாரா, சுற்றுக்கு எவ்வளவு நேரம். கடைசிச் சுற்றின் நேரத்தை மட்டும் எழுதாதீர்கள், ஒவ்வொரு சுற்றையும் எழுதுங்கள். முதல் சுற்றின் நேரம் இல்லாத சீட்டை வைத்துக்கொண்டு மருத்துவரால் ஒன்றும் சொல்ல முடியாது.